முக்கோணம் போட்டவர்

புதன்கிழமை காலையில் செக்கிங் அக்காவுக்கு யாரும் போன் செய்யக் கூடாது. செய்தால் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அவளுடைய இரண்டு காதும் அப்போது மாடிப்படியில் இருக்கும். நூலகத்து வண்டி ஓட்டுநர் தோளில் பையை மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி வருகிற நேரம் அது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் என்று ஒன்று உண்டு. ஆனால் அதை நம்பி யாரும் அவசர வேலைக்குக் கிளம்புவதில்லை.

செக்கிங் அக்கா என்பது ஆலையில் விழுந்த பெயர். ஆயத்த ஆடை ஆலையில் தைத்து வரும் சட்டைகளை வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, எங்கே நூல் தொங்குகிறது, எங்கே காலர் கோணியிருக்கிறது என்று பார்த்துக் குறி போடுவதுதான் அவள் செய்த வேலை. முப்பது வருஷமும் நின்றுகொண்டே செய்தாள். சட்டைகள் கடல் தாண்டிப் போய்விட்டன. முழங்கால்கள் மட்டும் இனி ஒரு படி இறங்கமாட்டோம் என்று அடம்பிடித்து உட்கார்ந்துவிட்டன.

மகள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். விடியுமுன் போனால் மதியம் தாண்டித்தான் வருவாள். அம்மாவும் சுவரும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டிருப்பதைச் சகிக்க முடியாமல் அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். ஒருநாள் ஏதோ அச்செடுக்கப் பக்கத்து நூலகக் கிளைக்குப் போனவள் அங்கே ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டு ஓடி வந்தாள். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து புத்தகம் தருகிறார்களாம். இலவசமாம்.

"சும்மா எவன்டி குடுப்பான்? உள்ள ஏதாவது விவகாரம் இருக்கும்," என்றாள் செக்கிங் அக்கா. குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள் வேறு எப்படிப் பேசுவாள்?

ஒரு விவகாரமும் இல்லை. வாரம் தவறாமல் பை வந்தது. கண்ணுக்கு இதமாகப் பெரிய எழுத்தில் அச்சான துப்பறியும் நாவல்கள் வந்தன. புத்தகம் மட்டுமா? அந்தக் கிளையில் சுவரில் ஓட்டை போடும் டிரில் கூட இரவல் தருகிறார்கள், தையல் மிஷின் தருகிறார்கள். வேலை தேடுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் அனுப்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒருமுறை ஓட்டுநர் பையிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டு வாரம் வெச்சிருங்கக்கா. டாக்டர் தினமும் பாக்கச் சொன்னாருன்னு அன்னைக்குச் சொன்னீங்களே."

அவள் கேட்கவே இல்லை, சும்மா புலம்பியிருந்தாள். புலம்பலைக் காதில் வாங்கிக்கொண்டு போய் ஏற்பாடு செய்கிற ஓர் அலுவலகம் இந்த உலகத்தில் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. ஓட்டுநர் போன பிறகு அந்தக் கருவியைக் கையில் மாட்டிப் பார்த்தாள். அன்றைக்கு ரத்த அழுத்தம் சரியாகவே இருந்தது.

இப்போது ஒரு பென்சில் குறி விஷயத்துக்கு வருகிறேன். துப்பறியும் நாவல்களில் ஒரு தொல்லை உண்டு. எல்லா அட்டையிலும் ஒரு தொப்பிக்காரன், ஒரு துளி ரத்தம். படித்ததையே மறுபடி எடுத்துப் பாதிவரை போய், "அட, இவனை நமக்குத் தெரியுமே!" என்று ஏமாந்த அனுபவம் அவளுக்கு உண்டு. அதனால் ஒரு வழி செய்துகொண்டாள். கொலைகாரன் இவன்தான் என்று எந்தப் பக்கத்தில் முடிவுகட்டுகிறாளோ, அந்தப் பக்கத்தின் அடியில் பென்சிலால் பொடியாக ஒரு டிக். கண்டுபிடிக்க முடியாமல் தோற்றுப்போனால் கடைசிப் பக்கத்தில் டிக். அதில் ஏமாற்று வேலை கிடையாது. புத்தகத்தில் எழுதக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது அவளுக்கும் தெரியும். ஆனால் இது எழுத்தா என்ன? குறி. குறி போடுவது அவள் தொழில்.

சில மாதம் கழித்து ஒரு புத்தகத்தில் அவள் டிக் போடப்போன பக்கத்துக்கு வெகு முன்னாலேயே ஒரு குறி கிடந்தது. பென்சிலில் ஒரு சின்ன முக்கோணம். முதலில் ஏதோ கிறுக்கல் என்று விட்டுவிட்டாள். அடுத்த புத்தகத்திலும் முக்கோணம். அதற்கடுத்ததிலும் இருந்தது, அதுவும் சரியாகத் தோட்டக்காரன் பொய் சொல்கிற இடத்தில். செக்கிங் அக்காவுக்குச் சுருக்கென்றது. யாரோ அவள் டிக்கைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்து, அது என்ன என்று புரிந்துகொண்டு, போட்டிக்கு வந்திருக்கிறார்கள்!

"யாருடி இந்த அதிகப்பிரசங்கி?" என்று மகளிடம் புத்தகத்தை நீட்டினாள்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? உன்ன மாதிரியே வேலை வெட்டி இல்லாத ஒருத்தர் இருக்காங்கபோல," என்றாள் மகள் ஷூவைக் கழற்றிக்கொண்டே.

அதற்குப் பிறகு வாழ்க்கைக்கு ஒரு காரம் வந்தது. சில புத்தகம் அவளுக்கு முதலில் வரும், சில புத்தகம் முக்கோணத்துக்கு முதலில் போகும். அவள் முந்தினால் அன்றைக்குச் சமையலறையில் பாட்டு கேட்கும். முக்கோணம் முந்தினால் பாத்திரம் உருளும். அது கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டுப் போடுகிறது என்று அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது, அதைச் சொல்லித் திட்டவும் செய்வாள். ஆனால் பையைத் திறந்ததும் புத்தகத்தைப் புரட்டி முக்கோணத்தைத்தான் முதலில் தேடுவாள். ஆலையை விட்ட பிறகு அவளோடு சரிக்குச் சரி நிற்க ஓர் ஆள் கிடைத்தது அப்போதுதான். பெயர் தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது. அதனால் என்ன? காலையில் எழுந்ததும் நினைக்க ஓர் ஆள் இருந்தது.

பிறகு முக்கோணம் நின்றுபோனது.

ஒரு வாரம் இல்லை. சரி, இந்தப் புத்தகங்கள் அங்கே போகவில்லைபோல என்று நினைத்தாள். அடுத்த வாரமும் இல்லை. பிறகு வந்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. பக்கம் பக்கமாகப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாள். வீட்டிலேயே கிடந்து பெரிய எழுத்தில் புத்தகம் படிக்கிற ஆள் திடீரென்று நின்றுபோனால் என்ன அர்த்தம்? யோசிக்க வேண்டாம் என்று நினைத்தாலும் யோசனை அங்கேதான் போய் நின்றது.

ஒரு மதியம் மகள் வேலை முடிந்து வந்தபோது சாப்பாடு மூடியபடியே இருந்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு? கால் வலியா?"

"முக்கோணம் போயிடுச்சுடி."

"எங்க போச்சு?"

"எங்க போவாங்க எல்லாரும்? அங்கதான்."

மகள் சிரிக்க வாயெடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பேர் தெரியாது, முகம் தெரியாது. அதுக்காகச் சாப்பிடாம இருப்பியா?"

"முகம் தெரிஞ்ச எத்தனை பேர் என்னை நெனச்சுப் பாத்தாங்க, சொல்லு? ஆலையில என்கூட நின்னவங்கள்ல ஒருத்தி வந்து எட்டிப் பாத்தாளா? இது யாரோ, எவரோ. நான் எந்தப் பக்கத்துல கண்டுபிடிச்சேன்னு வாரா வாரம் தேடிப் பாத்துச்சுடி."

அந்தப் புதன்கிழமை ஓட்டுநரிடம், "தம்பி, இனிமே கொலைக் கதை வேண்டாம். சமையல் புத்தகம் ஏதாவது இருந்தா கொண்டாங்க," என்று சொல்லிவிட்டாள். அவர் திகைத்துப்போனார். கையிலிருந்த இரண்டு நாவல்களையும் தயங்கித் தயங்கி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். வாரம் முழுக்கச் சும்மா கிடக்கட்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் சுவரை எத்தனை நேரம் பார்ப்பது? சனிக்கிழமை ஒன்றை எடுத்தாள்.

நாலு அத்தியாயம் போயிருக்கும். பல் டாக்டரின் வீட்டில் விருந்து, டாக்டரின் மைத்துனி மட்டும் கையுறையைக் கழற்றவில்லை. செக்கிங் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த மைத்துனியை அவளுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்! முக்கோணத்தை அவள் இருபது பக்க வித்தியாசத்தில் மண்ணைக் கவ்வ வைத்த புத்தகம் அல்லவா இது? அந்தக் கையுறைப் பக்கத்தின் அடியில்தான் டிக் போட்டாள். போட்டது சத்தியம். இப்போது அங்கே ஒன்றும் இல்லை. பரபரவென்று புரட்டினாள். முக்கோணம் இருந்த பக்கத்திலும் ஒன்றும் இல்லை.

புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். டிக் இருந்த இடத்தில் காகிதம் ஒரு நூல் அளவு பளபளத்தது. இரண்டு பக்கமும் தைத்துச் சேர்கிற இடுக்கில் விரல்நுனியை விட்டாள். சாம்பல் நிறத்தில் ஒரு துகள் வந்தது. ரப்பர் துகள்.

"அடப்பாவி!" என்று ஆளில்லாத வீட்டில் சத்தமாகவே சொன்னாள். யாரையும் கொல்லவில்லை, யாரும் சாகவில்லை. யாரோ அழித்திருக்கிறார்கள்! அடுத்த நிமிஷமே அந்தச் சந்தோஷத்தில் பாதி வடிந்துவிட்டது. அழித்தது உண்மை. அதனால் முக்கோணம் உயிரோடு இருக்கிறது என்று ஆகிவிடுமா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான். புத்தகத்தில் குறி போட்டது நான்தான் என்று நூலகத்திடம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டு, அவர்கள் கோபித்துக்கொண்டு, பையை நிறுத்திவிட்டால்? அந்தப் பை இல்லாத புதன்கிழமையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நாலு நாள் யோசித்தாள். புதன்கிழமை ஓட்டுநர் வந்ததும், அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "பையை நிறுத்தறதுன்னா நிறுத்திக்கோங்க தம்பி. ஆனா அந்த முக்கோணம் இருக்கா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

ஓட்டுநர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தலையைச் சொறிந்தார். "பையை எதுக்குக்கா நிறுத்தறாங்க? ஆனா எனக்கு யார்னு தெரியாதே. நான் பையைக் குடுப்பேன், பையை வாங்குவேன். பொறுங்க, கேட்டுட்டு வரேன்."

மறுநாளே மாடிப்படியில் இரண்டு பேர் ஏறுகிற சத்தம் கேட்டது. ஓட்டுநரோடு ஓர் இளம்பெண், நூலகத்துக்குப் புதிதாக வந்த உதவியாளர். மூன்று மாடி ஏறியதில் முகம் சிவந்திருந்தது. படிக்கட்டு பாதி, பயம் பாதி.

"நான்தாம்மா அழிச்சேன்," என்றாள் வாசலிலேயே நின்று. "வேலைக்குச் சேர்ந்ததும் பெரிய எழுத்து அலமாரியை ஒழுங்கு பண்ணச் சொன்னாங்க. பாத்தா எல்லாப் புத்தகத்துலயும் பென்சில் கோடு. யாரோ கெடுத்து வெச்சிருக்காங்கன்னு நெனச்சு, ஒண்ணு விடாம அழிச்சேன். திரும்பி வர்ற புத்தகத்தையும் உடனுக்குடனே அழிச்சிட்டேன். நூலகர் மேடம் கூட, எவ்வளவு சுத்தமா இருக்குன்னு பாராட்டினாங்க."

ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பதற்காக வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள் செக்கிங் அக்கா. பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அந்த அடுக்கு சரிந்துவிட்டது. ஆலையில் முதல் மாதம் நல்ல சட்டைகளையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு மேற்பார்வையாளர் முன்னால் அவளும் இப்படித்தான் நின்றாள்.

"உள்ள வா. உக்காரு. தண்ணி குடி," என்றாள். "அழிச்சதும் அழிச்சே, என்ன சுத்தமா அழிச்சிருக்கே! பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தும் எனக்கே தெரியல. சரி, முக்கோணம் யாரு? அதைச் சொல்லு."

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "யார் என்ன புத்தகம் எடுத்தாங்கன்னு இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாதும்மா. நூலகத்துல அது கண்டிப்பான விதி."

"இருக்காங்களா, இல்லையா? அதையாவது..."

"அதையும் சொல்லக் கூடாது. மன்னிச்சிருங்கம்மா."

செக்கிங் அக்காவுக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. ஆனால் விதி என்றால் என்ன என்று முப்பது வருஷம் மேஜை முன்னால் நின்றவளுக்குத் தெரியாதா? தன் வீட்டுச் சங்கதியையும் இவர்கள் இப்படித்தான் வெளியே விடாமல் பொத்தி வைத்திருப்பார்கள் என்று நினைத்தபோது கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போனது.

பெண்தான் பிறகு மெல்லச் சொன்னாள். "மேடம்கிட்ட பேசினேன். வீட்டுல இருந்தே படிக்கிறவங்க எல்லாரையும் ஒரே போன்ல சேர்த்து மாசம் ஒரு கூட்டம் நடத்தலாம்னு ரொம்ப நாளா சொல்லிட்டே இருக்காங்க. இந்த மாசமே ஆரம்பிச்சிடறோம். நாங்க யாரையும் காட்டிக்குடுக்க முடியாது. நீங்களா பேசலாம், அவங்களா பேசலாம். அதுக்கு விதி ஒண்ணும் குறுக்க நிக்காது."

கூட்டத்தன்று மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். நூலகர் வரவேற்றார். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஒருவர் தன் பூனையின் உடல்நிலையைப் பற்றி மட்டுமே பேசினார். ஓர் அம்மா, "கேக்குதா? கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கிறது என்று ஆறு பேர் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. யார் வீட்டிலோ டிவி அலறியது.

பிறகு அந்தப் பெண் பேசினாள். பென்சில் குறிகளைத் தான்தான் அழித்ததாகவும், அவை சிலருக்கு எவ்வளவு முக்கியம் என்று இப்போது தெரிந்துவிட்டதாகவும், இனி யாரும் அழிக்கப்போவதில்லை என்றும் சொன்னாள். புத்தகத்தில் கோடு போட்டவன் நான் என்று ஊர் முன்னால் யார் சொல்வார்கள்?

மகள் அம்மாவின் தோளைத் தொட்டாள். செக்கிங் அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"டிக் போட்டது நான்தாங்க," என்றாள். "கொலைகாரனைக் கண்டுபிடிச்ச பக்கத்துல போடுவேன். இன்னொருத்தர் அதே புத்தகத்துல முக்கோணம் போடுவாங்க. அவங்க இந்த லைன்ல இருந்தா தயவுசெஞ்சு ஒரு வார்த்தை பேசுங்க. நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சு நான் அழுதுட்டேங்க."

டிவி அலறிக்கொண்டிருந்தது. பூனைக்காரர் கூடப் பேசவில்லை. ஆள் இல்லை, அவ்வளவுதான் என்று செக்கிங் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது ஒரு பெண்குரல் கேட்டது.

"அய்யோ, நீங்க பொம்பளையா? ரிட்டயர்டான போலீஸ்காரர் யாரோன்னு நான் நெனச்சிட்டிருந்தேன்!"

"முக்கோணம் நீங்களா?" செக்கிங் அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இல்லக்கா. எங்க வீட்டுக்காரர். இங்கதான் என் பக்கத்துல இருக்கார். அவரால பேச முடியாது. டைல்ஸ் பதிக்கிற வேலை பாத்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. மிச்சம் இருக்கிற கையால தினமும் கோடு போட்டுப் பழகச் சொன்னாங்க. பென்சிலைக் குடுத்தா வீசி எறிவார். சாப்பிடமாட்டார், யாரையும் பாக்கமாட்டார். சுவரைப் பாத்துட்டே கெடப்பாரேன்னு நான்தான் நூலகத்துல சொல்லி இந்தப் புத்தகத்தை வரவழைச்சேன். ஒருநாள் உங்க டிக்கைப் பாத்தார். பாத்துட்டே இருந்தார். அப்புறம் பென்சிலைக் கண்ணால காட்டினார்க்கா. அவரா கேட்டார்! மூணு கோடு போட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்கு வெச்ச டீ ஆறிப்போச்சு. எனக்குக் குடிக்கவே தோணல."

யார் வீட்டிலோ டிவியை அணைத்துவிட்டார்கள்.

"கடைசிப் பக்கத்தைப் பாத்துட்டுத்தான் போடறாருன்னு நான் திட்டினேனே," என்றாள் செக்கிங் அக்கா அழுதுகொண்டே.

"பக்கத்தைப் புரட்டறதே நான்தானேக்கா! எங்க பாக்கறது? ஒரு பக்கம் வேகமாப் புரட்டினா முறைப்பார்." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள். "கொஞ்ச நாளா உங்க டிக் வரல. பென்சிலைத் தொடவே இல்ல. அவங்க போயிட்டாங்கன்னு நெனக்கிறீங்களான்னு கேட்டேன். ஆமான்னு தலையாட்டினார். நூலகத்துக்காரங்க எல்லாரும் கேட்டுட்டு இருக்கீங்கதானே? உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியலம்மா. நல்லா இருக்கணும் நீங்க எல்லாரும்."

அந்த உதவியாளர் பெண் விசும்புவது எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா, போனை அவர் காதுகிட்ட வெச்சிருக்கேன்," என்றாள் மனைவி. "அவருக்கு எல்லாம் புரியும். ஏதாவது சொல்லுங்க."

ஆலையில் நூறு பேர் நடுவில் நின்று மேலாளரையே வாயடைக்க வைத்தவள் செக்கிங் அக்கா. இப்போது மகளைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், போனை நோக்கிக் குனிந்தாள்.

"அண்ணே," என்றாள். "நான் போகலண்ணே. நான் இருக்கேன்."

மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை. இருமல்போலக் கரகரவென்று தொடங்கி நின்றது. மறுபடி தொடங்கி, இந்தத் தடவை விடாமல் நீண்டது.

"சிரிக்கிறார்!" என்று மனைவி கத்தினாள். "அக்கா, சிரிக்கிறார்! வெச்சிடாதீங்க, இன்னும் ஏதாவது பேசுங்க!"

செக்கிங் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.